யுனிக்ஸ் பயனர் கணக்குத் தேடல்

பயனர் கணக்குத் தேடல் என்பது, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு பயனரின் பெயரைக் கொண்டு அவருக்குரிய எண், குழு, இல்ல அடைவு முதலிய விவரங்களைக் கண்டறியும் செயற்பாடு ஆகும். எண்ணைக் கொண்டு பெயரைக் கண்டறிவதும் இதில் அடங்கும். லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ், மாக் ஓஎஸ் ஆகிய அனைத்திலும் இச்செயற்பாடு ஏதேனும் ஒரு வடிவில் உள்ளது.

கணக்குகள் இரு வகைப்படும். ஒரு கணினிக்குள்ளேயே பதியப்பட்டு, அக்கணினிக்கு மட்டும் உரியது உள்ளகக் கணக்கு எனப்படும். வலையமைப்பிலுள்ள வழங்கி ஒன்றில் பதியப்பட்டு, பல கணினிகளுக்கும் பொதுவாக விளங்குவது ஆள்களக் கணக்கு எனப்படும். ஒரே கணினியில் இரண்டும் கலந்து இருக்கும்போதே பெரும்பாலான சிக்கல்கள் எழுகின்றன.

தேடல் தோல்வியுறும்போது "அப்படி ஒரு பயனர் இல்லை" என்னும் பொருளுடைய செய்தி திரையில் தோன்றும். இச்செய்தி இருவேறு நிலைகளைக் குறிக்கக்கூடும். கேட்கப்பட்ட இடத்தில் அப்பெயர் உண்மையிலேயே இல்லாமலிருக்கலாம். அல்லது அவ்விடத்தைக் கேட்கவே முடியாமற் போயிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே வழுக்கண்டறிதலின் அடிப்படை ஆகும். பிரித்தறியாமல் புதிய கணக்கு ஒன்றை உருவாக்கிவிடுவது சிக்கலைப் பெருக்கும்.

இக்கட்டுரையில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துக்களிலேயே இடவேண்டும்.

பெயரும் எண்ணும்

யுனிக்ஸ் கருனி பயனர்களின் பெயர்களை அறியாது. ஒவ்வொரு கோப்பும், இயங்கும் ஒவ்வொரு நிரலும் ஓர் எண்ணுக்கே உரிமையாக்கப்பட்டுள்ளன. இது பயனர் எண் எனப்படும். முதன்மைப் பயனரான ரூட்டின் எண் 0 ஆகும். டெபியன் முதலிய லினக்ஸ் வழங்கல்களில் சாதாரண உள்ளகப் பயனர்களின் எண்கள் 1000 இலிருந்து தொடங்குகின்றன. லினக்ஸ் கருனியில் பயனர் எண் முன்னர் 16 பிட்டு அளவினதாக இருந்தது. 2001 இல் வெளியான 2.4 பதிப்பில் இது 32 பிட்டாக விரிவாக்கப்பட்டது.

பெயர் என்பது மனிதரின் வசதிக்காக மேலே ஒட்டப்பட்ட சீட்டு போன்றது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளை, ஒவ்வொரு கோப்பின் உரிமையாளர் எண்ணையும் பெயராக மாற்றுமாறு தேடல் அமைப்பைக் கேட்கிறது. விடை கிடைக்காவிடில் எண்ணையே காட்டுகிறது. ஆகவே பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எண் தோன்றுவது, தேடல் எங்கோ அறுந்துள்ளது என்பதற்கான முதல் அறிகுறி ஆகும். பாஷ் என்னும் கட்டளைச் செயலி, தன்னை இயக்குபவரின் எண்ணுக்குப் பெயர் கிடைக்காவிடில் "எனக்குப் பெயரில்லை!" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரைப் பயனர் பெயருக்குரிய இடத்தில் காட்டும்.

வரலாறு

1970களின் யுனிக்ஸில் கணக்குகள் யாவும் '/ஈடிசி/பாஸ்வ்டு' என்னும் ஒரே கோப்பில் இருந்தன. 'பாஸ்வ்டு' என்பது கடவுச்சொல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் ஆகும். இன்றும் இக்கோப்பில் ஒரு பயனருக்கு ஒரு வரி உண்டு. வரியில் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்கள் உள்ளன. அவையாவன: பெயர், கடவுச்சொல்லுக்கான இடம், பயனர் எண், குழு எண், பயனர் பற்றிய குறிப்பு, இல்ல அடைவு, கட்டளைச் செயலி. குறிப்புப் புலம் இன்றளவும் 'கெகோஸ்' என அழைக்கப்படுகிறது. பெல் ஆய்வகத்தார் அச்சிடுவதற்குப் பயன்படுத்திய ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனக் கணினியின் இயங்குதளப் பெயரிலிருந்து இது வந்தது. மறையீடு செய்யப்பட்ட கடவுச்சொற்கள் பின்னர், ரூட் மட்டும் படிக்கக்கூடிய 'ஷாடோ' என்னும் தனிக் கோப்புக்கு மாற்றப்பட்டன.

கணினிகள் பெருகியபோது ஒவ்வொன்றிலும் அதே வரியை எழுதுவது இயலாததாயிற்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களில், கணக்குகளை ஒரு வழங்கியிலிருந்து பகிரும் என்ஐஎஸ் அமைப்பை உருவாக்கியது. இதன் முதற்பெயர் 'யெல்லோ பேஜஸ்' ஆகும். அப்பெயர் பிரித்தானியத் தொலைதொடர்பு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்தமையால் மாற்றப்பட்டது. எனினும் இதன் கட்டளைகள் 'ஒய்பி' என்றே இன்றும் தொடங்குகின்றன.

1993 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினரின் முயற்சியில் எல்டாப் என்னும் அடைவுச்சேவை நெறிமுறை வெளியானது. யுனிக்ஸ் கணக்குகளை அதில் எவ்வாறு பதிவது என்பதை 1998 இல் வெளியான ஆர்எஃப்சி 2307 ஆவணம் விளக்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 உடன் ஆக்டிவ் டைரக்டரியை அறிமுகப்படுத்திய பின்னர், யுனிக்ஸ் கணினிகளையும் அந்த ஆள்களத்தில் இணைக்கும் தேவை எழுந்தது. சாம்பா திட்டத்தின் வின்பைண்ட், 2009 இல் வெளிவரத் தொடங்கிய எஸ்எஸ்எஸ்டி ஆகியவை இதற்கெனப் பயன்படுகின்றன.

பெயர்ச்சேவைத் தெரிவி

கணக்குகள் பல இடங்களில் இருப்பதால், எவ்விடத்தை முதலில் கேட்பது என்னும் வினா எழுகிறது. இதனைத் தீர்மானிப்பது பெயர்ச்சேவைத் தெரிவி ஆகும். ஆங்கிலச் சுருக்கத்தில் இது என்எஸ்எஸ் எனப்படும். 1990களின் தொடக்கத்தில் சோலாரிஸ் 2 இல் அறிமுகமான இம்முறை, பின்னர் குனூ சி நூலகத்தின் வழியே லினக்ஸுக்கு வந்தது.

இதன் அமைப்புக் கோப்பு '/ஈடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்' ஆகும். அதில் பயனர் கணக்குகளுக்கான வரி பெரும்பாலும் பின்வருமாறு இருக்கும்:

பாஸ்வ்டு: ஃபைல்ஸ் எஸ்எஸ்எஸ்

முதலில் உள்ளகக் கோப்புகளைப் பார்க்கவேண்டும், அங்கு கிடைக்காவிடில் எஸ்எஸ்எஸ்டியைக் கேட்கவேண்டும் என்பது இதன் பொருள். ஒவ்வொரு மூலமும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தரும்:

* கிடைத்தது
* இல்லை
* சேவையை அணுக முடியவில்லை
* தற்காலிகத் தடை, மீண்டும் முயல்க

வேறு கட்டளை தரப்படாவிடில், 'கிடைத்தது' என்னும் விடையில் தேடல் நின்றுவிடும். மற்ற மூன்றிலும் அடுத்த மூலத்துக்குச் செல்லும். இதிலிருந்து இரு விளைவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, முன்னால் உள்ள மூலத்தில் ஒரு பெயர் இருந்தால், பின்னால் உள்ள மூலத்திலுள்ள அதே பெயர் மறைந்துவிடும். இரண்டாவது, கடைசி மூலத்தை அணுக முடியாமற் போனாலும், பல நிரல்கள் பயனருக்கு 'இல்லை' என்றே அறிவிக்கும்.

மூலங்களுக்கும் நிரல்களுக்கும் இடையே தேக்ககம் ஒன்று இருப்பதும் உண்டு. எஸ்எஸ்எஸ்டி தான் பெற்ற விவரங்களை வட்டில் சேமித்து வைத்து, வழங்கியை அணுக முடியாத வேளையில் அவற்றையே தருகிறது. 'இல்லை' என்னும் விடையையும் அது சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். எனவே வழங்கியில் ஒரு கணக்கைச் சேர்த்த உடனே அது தென்படாமல் இருப்பது இயல்பே.

தேடலும் உறுதிப்படுத்தலும்

ஒரு பயனர் யார் எனக் கண்டறிவதும், அவர் உண்மையில் அவரே என உறுதிப்படுத்துவதும் வெவ்வேறு செயற்பாடுகள் ஆகும். முன்னதை என்எஸ்எஸ் செய்கிறது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பின்னதைப் பாம் என்னும் அமைப்பு செய்கிறது. தேடல் வெற்றிபெற்று, உள்நுழைவு மட்டும் மறுக்கப்பட்டால் என்எஸ்எஸ் கோப்புகளைத் திருத்துவதில் பயனில்லை; கடவுச்சொல், கணக்கின் காலாவதி, அனுமதி விதிகள் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். கணக்கில் குறிக்கப்பட்டுள்ள கட்டளைச் செயலி அக்கணினியில் நிறுவப்படாமல் இருந்தாலும் உள்நுழைவு தடைப்படும்.

வழுக்கண்டறியும் முறை

பின்வரும் வரிசை, பயனருக்கு அருகிலிருந்து தொடங்கி வழங்கியை நோக்கிச் செல்கிறது. எந்தப் படியில் விடை மாறுகிறதோ, அதற்கு முன்னைய கண்ணியிலேயே குறை உள்ளது எனக் கொள்ளலாம்.

1. 'கெட்என்ட் பாஸ்வ்டு' என்பதுடன் பயனர் பெயரையும் இடவேண்டும். இக்கட்டளை மற்ற நிரல்களைப் போலவே என்எஸ்எஸ் வழியாகத் தேடுகிறது. கிடைத்தால் ஏழு புலங்களும் கொண்ட வரியைக் காட்டும். கிடைக்காவிடில் ஒன்றும் காட்டாமல் 2 என்னும் முடிவு எண்ணைத் திருப்பும்.

2. கிடைத்த பயனர் எண்ணைக் கொண்டு மீண்டும் அதே கட்டளையை இடவேண்டும். பெயரிலிருந்து எண்ணும், எண்ணிலிருந்து பெயரும் ஒத்திருக்கவேண்டும். ஒவ்வாவிடில் இருவருக்கு ஒரே எண்ணோ, ஒருவருக்கு இரு கணக்குகளோ உள்ளன.

3. 'கெட்என்ட்' கட்டளையின் '-எஸ்' என்னும் தெரிவைப் பயன்படுத்தி ஒவ்வொரு மூலத்தையும் தனித்தனியே கேட்கவேண்டும். முதலில் 'ஃபைல்ஸ்', பின்னர் 'எஸ்எஸ்எஸ்' அல்லது 'வின்பைண்ட்' எனக் கேட்டால், விடை எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகும்.

4. என்எஸ்எஸ் அமைப்புக் கோப்பில் உரிய மூலத்தின் பெயர் உள்ளதா, அதற்குரிய நூலகம் நிறுவப்பட்டுள்ளதா எனப் பார்க்கவேண்டும். நூலகம் இல்லாவிடில் அம்மூலம் அணுக முடியாததாகக் கருதப்பட்டு, பிழைச்செய்தி ஏதுமின்றித் தாண்டப்படும்.

5. இடைநிலைச் சேவை இயங்குகிறதா எனப் பார்க்கவேண்டும். எஸ்எஸ்எஸ்டியில் 'எஸ்எஸ்எஸ்சிடிஎல் டொமைன்-ஸ்டேட்டஸ்' கட்டளை, ஆள்களத்துடன் தொடர்பு உள்ளதா என்பதைக் கூறும். வின்பைண்டில் 'டபிள்யூபிஇன்ஃபோ -டி' கட்டளை, கணினிக்கும் ஆள்களத்துக்கும் இடையிலான நம்பிக்கை உறவைச் சோதிக்கும்.

6. வலையமைப்பு, டிஎன்எஸ், கடிகாரம் ஆகிய மூன்றையும் சோதிக்கவேண்டும். ஆக்டிவ் டைரக்டரியின் வழங்கிகள் டிஎன்எஸ் பதிவுகள் வழியாகவே கண்டறியப்படுகின்றன. அங்கு எஸ்எஸ்எஸ்டி, கெர்பரோஸ் முறையில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட பின்னரே கணக்குகளைத் தேடுகிறது. கெர்பரோஸ் வழக்கமாக ஐந்து நிமிடங்களுக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டை ஏற்பதில்லை. ஆகவே தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்து கடிகாரம் பின்தங்கிய கணினியில், வலையமைப்பு சீராக இருந்தாலும் பயனர்கள் 'இல்லாமற்' போகலாம்.

7. தேக்ககத்தைக் காலாவதியாக்குவது இறுதிப் படி ஆகும். எஸ்எஸ்எஸ்டிக்கு 'எஸ்எஸ்எஸ்_கேஷ் -ஈ' கட்டளை உண்டு. வழங்கியுடன் தொடர்பு இல்லாத வேளையில் தேக்ககக் கோப்புகளையே அழிப்பது பெருந்தவறு ஆகும். அவ்வேளையில் பயனர்களைப் பற்றிக் கணினிக்குத் தெரிந்திருந்த எல்லாமே அத்துடன் போய்விடும்.

அடிக்கடி காணப்படும் வழுக்கள்

உள்ளகக் கோப்பை மட்டும் பார்த்தல்: 'கிரெப்' கட்டளையால் பாஸ்வ்டு கோப்பில் தேடி, பெயர் இல்லாததால் கணக்கே இல்லை என முடிவு செய்வது பரவலான தவறு. ஆள்களக் கணக்கு அக்கோப்பில் ஒருபோதும் இராது.

முழுப் பட்டியலை எதிர்பார்த்தல்: பெயர் எதுவும் தராமல் 'கெட்என்ட் பாஸ்வ்டு' என இட்டால் ஆள்களப் பயனர்கள் பெரும்பாலும் தோன்றமாட்டார்கள். ஆயிரக்கணக்கான கணக்குகளை இழுப்பது வழங்கிக்குச் சுமை என்பதால், எஸ்எஸ்எஸ்டியும் வின்பைண்டும் பட்டியலிடுதலை இயல்பாக முடக்கி வைத்துள்ளன. தனிப்பெயரைக் கேட்டால் விடை கிடைக்கும்.

பெயரின் வடிவம்: 'ரெல்ம்டி' கருவியால் ஆள்களத்தில் இணைத்த கணினியில், பயனர் பெயருடன் '@' குறியும் ஆள்களப் பெயரும் சேர்த்தே கேட்கவேண்டியிருக்கும். வின்பைண்டில் ஆள்களப் பெயர், இடச்சாய்கோடு, பயனர் பெயர் என்பது இயல்பு வடிவம். கட்டளைச் செயலி இடச்சாய்கோட்டைத் தனிப்பொருளில் கொள்வதால், அப்பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இடவேண்டும்.

கணினிக்குக் கணினி மாறும் எண்கள்: ஆக்டிவ் டைரக்டரியில் யுனிக்ஸ் எண்கள் பதியப்படாவிடில், ஒவ்வொரு கணினியும் எண்ணைத் தானே வகுத்துக்கொள்ளும். சாம்பாவின் 'டிடிபி' முறை, வந்த வரிசையில் எண் தருவதால் ஒரே பயனருக்கு இரு கணினிகளில் இரு எண்கள் அமையக்கூடும். 'ஆர்ஐடி' முறையும் எஸ்எஸ்எஸ்டியின் இயல்பு முறையும் எண்ணைக் கணக்கிட்டுப் பெறுகின்றன. ஆகவே அமைப்பு ஒன்றாக இருப்பின் எண்ணும் ஒன்றாக இருக்கும். பகிர்வு வட்டுகள் உள்ள இடத்தில் இவ்வேறுபாடு மிக முக்கியமானது.

பழைய குழு விவரம்: ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்த பின்னும் அவருக்கு அனுமதி கிடைக்காமல் இருக்கலாம். 'ஐடி' கட்டளையைப் பெயருடன் இட்டால் புதிதாகத் தேடிய விவரத்தையும், பெயரின்றி இட்டால் நடப்பு அமர்வு பெற்றுள்ள குழுக்களையும் காட்டும். இரண்டும் வேறுபட்டால், வெளியேறி மீண்டும் உள்நுழைவதே தீர்வு ஆகும்.

இரு தேக்ககங்கள்: எஸ்எஸ்எஸ்டியுடன் என்எஸ்சிடி என்னும் பழைய தேக்ககச் சேவையும் பயனர் விவரங்களைச் சேமித்தால், ஒன்றில் மாறிய விவரம் மற்றொன்றில் மாறாமல் நிற்கும். பயனர், குழு விவரங்களுக்கு ஒன்றை மட்டுமே இயக்கவேண்டும்.

என்எஸ்எஸ் இல்லாத சூழல்: அல்பைன் லினக்ஸ் பயன்படுத்தும் மசல் நூலகத்தில் என்எஸ்எஸ் கிடையாது. எனவே அதை அடிப்படையாகக் கொண்ட கொள்கலன்களுக்குள், வெளிக்கணினியில் தெரியும் ஆள்களப் பயனர் தெரியமாட்டார்.

எடுத்துக்காட்டு: ஒரு மலைப்பகுதி ஆய்வுக்கூடம்

தமிழ்நாட்டில் கட்டற்ற இயங்குதளங்கள் பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்துள்ளன. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 இல் வெளியானது. 2011 இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டு வழங்கப்பட்டது. தனி மடிக்கணினிக்கு உள்ளகக் கணக்கே போதுமானது. ஆனால் பலர் மாறிமாறி அமரும் ஆய்வுக்கூடத்துக்கு ஆள்களக் கணக்கு தேவைப்படுகிறது.

நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டத்திலுள்ள கீழ் கோத்தகிரி போன்ற ஓர் ஊரில், இருபது லினக்ஸ் கணினிகள் கொண்ட ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மாணவர் கணக்குகள் உதகமண்டலத்திலுள்ள வழங்கி ஒன்றில் உள்ளன. மாணவர்களின் கோப்புகள் ஆய்வுக்கூடத்திலேயே உள்ள சேமிப்புக் கணினியில், என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பின் வழியாகப் பகிரப்பட்டுள்ளன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீலகிரியின் கிழக்குச் சரிவுகளில் கனமழையும் மண்சரிவும் நேர்வதுண்டு. 2009 நவம்பரில் நிகழ்ந்த மண்சரிவுகள் மாவட்டத்தில் பல உயிர்களைக் கொண்டன. இத்தகைய மழையில் உதகையுடனான இணைப்பு அறுந்துவிடுகிறது எனக் கொள்வோம்.

கலா என்னும் மாணவியின் ஆள்களப் பயனர் எண் 20415. வழக்கமாக அமரும் கணினியில் அவரது விவரம் எஸ்எஸ்எஸ்டி தேக்ககத்தில் உள்ளது. கடவுச்சொல்லையும் சேமிக்குமாறு அமைத்திருந்தால், இணைப்பு இல்லாத வேளையிலும் அவர் அங்கு உள்நுழையலாம். அன்று அவர் முன்னர் ஒருபோதும் பயன்படுத்தாத வேறொரு கணினியில் அமர்கிறார். அக்கணினி அவரை அறியாது.

உதவ முற்படும் ஒருவர், 'யூசர்ஆட்' கட்டளையால் அதே பெயரில் உள்ளகக் கணக்கு ஒன்றை உருவாக்குகிறார். இணைப்பு இருந்திருந்தால் இக்கட்டளை என்எஸ்எஸைக் கேட்டு, பெயர் ஏற்கெனவே உள்ளது என மறுத்திருக்கும். இணைப்பு இல்லாததால் தடையின்றி 1003 என்னும் எண்ணைத் தந்துவிடுகிறது. கலா உள்நுழைகிறார். ஆனால் சேமிப்புக் கணினியிலுள்ள அவரது செய்முறைப் பதிவேடு திறக்கவில்லை. அக்கோப்பு 20415 க்கு உரியது, வந்திருப்பவரோ 1003. என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பு பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணையே பார்க்கிறது. அதே 1003 என்னும் எண் வேறொரு கணினியில் மற்றொரு மாணவருக்குத் தரப்பட்டிருந்தால், அவரது கோப்புகள் கலாவுக்குத் திறந்துவிடும். இது முன்னதினும் தீங்கானது.

மழை ஓய்ந்து இணைப்பு மீண்ட பின்னும் அக்கணினியில் சிக்கல் தீராது. உள்ளகக் கோப்பு முதலில் கேட்கப்படுவதால், புதிய கலா பழைய கலாவை மறைத்து நிற்பார். மற்ற கணினிகளில் எல்லாம் சரியாக இருக்க, ஒன்றில் மட்டும் கோப்புகள் திறவாதிருப்பது இவ்வகை வழுவின் அடையாளம் ஆகும். மேலே கூறிய மூன்றாம் படி இதனை உடனே வெளிப்படுத்தும். 'ஃபைல்ஸ்' மூலம் 1003 என்றும், 'எஸ்எஸ்எஸ்' மூலம் 20415 என்றும் விடை தரும்.

திருத்தும் முறை பின்வருமாறு:

* உள்ளகக் கணக்கில் உருவான கோப்புகளை 'ஃபைண்ட்' கட்டளையால் 1003 என்னும் எண்ணைக் கொண்டு தேடிப் பட்டியலிடல்.
* அவை கலாவுடையவையே என உறுதி செய்த பின், 'சிஹெச்ஓன்' கட்டளையால் 20415 க்கு மாற்றுதல்.
* உள்ளகக் கணக்கை நீக்குதல். இல்ல அடைவையும் சேர்த்து அழிக்கும் தெரிவைத் தவிர்த்தல்.
* பெயரையும் எண்ணையும் கொண்டு இருவழியும் தேடிச் சரிபார்த்தல்.

இணைப்பு இல்லாத வேளைக்கெனத் தனிப் பெயரில் விருந்தினர் கணக்கு ஒன்றை முன்னரே வைத்திருந்தால் இந்நிலை நேராது. எல்லா மாணவரும் ஆண்டுத் தொடக்கத்தில் ஓரிரு கணினிகளில் ஒருமுறையேனும் உள்நுழைந்து வைத்திருப்பதும் பயன் தரும்.

முன்னெச்சரிக்கைகள்

* ரூட் கணக்கும், கணினி தொடங்கத் தேவையான சேவைக் கணக்குகளும் எப்போதும் உள்ளகக் கோப்புகளில் இருக்கவேண்டும். 2000களில் பழைய எல்டாப் நூலகம் பயன்பட்ட லினக்ஸ் கணினிகள், வலையமைப்பு எழும் முன்னரே எல்டாப்பைக் கேட்டு, தொடங்கும்போதே உறைந்து நின்றதுண்டு.
* என்எஸ்எஸ் கோப்பைத் திருத்தும்போது ரூட் அமர்வு ஒன்றைத் திறந்தே வைத்திருக்கவேண்டும். புதிய அமர்வில் சோதித்த பின்னரே அதனை மூடவேண்டும்.
* உள்ளக எண்களும் ஆள்கள எண்களும் ஒன்றோடொன்று மோதாத வீச்சுகளில் அமையவேண்டும்.
* விலகிய ஒருவரின் எண்ணைப் புதியவருக்குத் தரலாகாது. தந்தால் பழைய கோப்புகள் யாவும் புதியவருக்கு உரிமையாகிவிடும். உரிமையாளர் பெயரற்ற கோப்புகளை 'ஃபைண்ட்' கட்டளையின் '-நோயூசர்' தெரிவு காட்டும்.

பிற இயங்குதளங்களில்

ஃப்ரீபிஎஸ்டியில் கணக்குகள் 'மாஸ்டர்.பாஸ்வ்டு' கோப்பிலிருந்து தரவுத்தளமாக மாற்றப்பட்டே தேடப்படுகின்றன. கோப்பை நேரடியாகத் திருத்தினால் 'பிடபிள்யூடி_எம்கேடிபி' கட்டளையை இயக்கவேண்டும். இல்லாவிடில் மாற்றம் தென்படாது. 'விஐபிடபிள்யூ' கட்டளை இதனைத் தானே செய்துவிடும். மாக் ஓஎஸ் அமைப்பில் பாஸ்வ்டு கோப்பு இருப்பினும், இயல்பான இயக்கத்தின்போது சாதாரணப் பயனர்கள் ஓப்பன் டைரக்டரி வழியாகவே தேடப்படுகின்றனர். அங்கு 'கெட்என்ட்' கட்டளைக்குப் பதிலாக 'டிஎஸ்கேஷ்யூடில்', 'டிஎஸ்சிஎல்' ஆகியவை பயன்படுகின்றன. 'ஐடி' கட்டளை எல்லாவற்றிலும் பொதுவாக உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* யுனிக்ஸ்
* லினக்ஸ் கருனி
* எல்டாப்
* கெர்பரோஸ் நெறிமுறை
* சாம்பா மென்பொருள்
* பாஸ் லினக்ஸ்